நூறாவது குணம்

அடையாறில் அப்போது ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பஞ்சமே இல்லை. எலியட்ஸ் பீச்சுக்குக் காற்று வாங்கப் போகிறவன்கூட நாலு நிலையத்தின் மதில் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் ஒரு சுவருக்குள்தான் நான் ஒன்பது வருஷம் குப்பை கொட்டினேன். ‘தானிய உட்பொருள் ஆய்வு நிலையம்’ என்று வாசலில் போர்டு இருக்கும். என் பெயர் அய்யாதுரை. பதிவேட்டுக் குமாஸ்தா. ஊர் தூத்துக்குடிப் பக்கம், ஜாகை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேர்.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. நெல், கம்பு, வரகு, கேழ்வரகு என்று சாக்குச் சாக்காக மாதிரிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ‘படிவம் பதினொன்று’ என்ற தாளை எழுத வேண்டும். விளைந்த ஊர், விளைந்த பருவம், ஈரப்பதம், பூச்சி அரிப்பு, பதர் சதவீதம் என்று ஐந்து கட்டங்கள். எழுதி முடித்து, சாக்கின் வாயில் நம்பர் போட்ட அட்டையைக் கட்ட வேண்டும். யாருக்கும் கெடுதல் இல்லாத வேலை, நிம்மதியாகத்தான் இருந்தேன்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆரம்பத்தில் கமர் ஜஹான் என்னைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். நிலையத்தில் உண்மையாக ஆராய்ச்சி செய்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கமிட்டியில் இருந்தார்கள். அவர் மேஜையில் இரண்டு புட்டிகள். இரண்டிலும் கடலை எண்ணெய், இரண்டும் ஆறு வாரமாக ஜன்னல் வெயிலில் இருந்தவை. முகர்ந்து பார்க்கச் சொன்னார். முதல் புட்டியில் குடலைப் பிடுங்கும் சிக்கு வாடை. இரண்டாவது நேற்று ஆட்டிய எண்ணெய் மாதிரி இருந்தது.

“ரெண்டாவதுல கேழ்வரகுத் தோலோட சாறு பத்துச் சொட்டு விட்டிருக்கேன், அய்யாதுரை. காத்துபட்டு எண்ணெய் கெட்டுப்போறதை அது தடுக்குது. நம்ம உடம்புக்குள்ளயும் இதே மாதிரி கெடுதல் நடக்குதுன்னு சில பேர் சொல்றாங்க. எலிக்குக் கொடுத்துப் பாக்கப் போறேன்.”

எலிக்கும் கொடுத்தார். புற்றுக்கட்டி வருவதற்காகத் தார் பூசிய நாற்பது எலிகளில் பாதிக்குச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். முடிவில் அவர் எழுதிய அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். மூன்றே வாக்கியம். கேழ்வரகுத் தோலின் சாறு எலிகளுக்குக் கட்டி வருவதைத் தாமதப்படுத்துகிறது. வந்துவிட்ட கட்டியை அது கரைக்கவில்லை. மனிதர்களுக்கு இதனால் பயன் உண்டா என்று தெரியாது.

எங்கள் டைரக்டர் டாக்டர் சுயம்புலிங்கம். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, நெல் மூட்டைகளை அடுக்கும் முறை பற்றி எழுதிப் பட்டம் வாங்கியவர். அவர் அந்த மூன்று வாக்கியங்களில் முதலாவதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அதிலும் எலியை எடுத்துவிட்டுக் கொடுத்தார். மற்ற இரண்டும் எங்கே என்று கமர் ஜஹான் கேட்டதற்கு, “கோப்பில் பத்திரமாக இருக்கின்றன அம்மா, பயப்படாதீர்கள்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வாசலில் மாம்பலம் ஸ்டேஷன் கூட்டம். மயிலாப்பூர், தி. நகர், சிந்தாதிரிப்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். தாடையில் துணி கட்டியவர்கள், தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள், கையில் எக்ஸ்ரே உறையோடு நின்றவர்கள். டைரக்டர் மாடி ஜன்னலிலிருந்து அரைமணி நேரம் பார்த்தார். பிறகு எங்களையெல்லாம் கூட்டிவைத்துப் பேசினார்.

“நண்பர்களே, நோயாளிகளை ஏற்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தானிய மாதிரிகளை ஏற்கப் பூரண அதிகாரம் இருக்கிறது. மக்களின் ஆர்வத்தைத் தடுக்க நாம் யார்? வருகிறவர்கள் மாதிரிகளாகவே வரட்டும்.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஐயோ, பொய் சொல்ல மாட்டேன், நானும்தான் தட்டினேன்.

அப்படியாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேழ்வரகுத் தோலின் சாறு கலந்த பொடி கொடுப்பது என்று ஆயிற்று. ஆனால் படிவம் பதினொன்றைத் தவிர எங்களிடம் வேறு படிவம் கிடையாது. புதுசாக அச்சடிக்க டெல்லி உத்தரவு வேண்டும். ஆகவே வந்தவர்களை அதிலேயே ஏற்றினேன். விளைந்த ஊர் என்றால் பிறந்த ஊர். விளைந்த பருவம் என்றால் பிறந்த வருஷம். ஈரப்பதத்துக்கு வேர்க்கிறதா இல்லையா என்று எழுதச் சொன்னார்கள். பூச்சி அரிப்பு என்ற கட்டத்தில் நோய் இருக்கும் இடம். பதர் சதவீதத்துக்கு என்ன செய்வது என்று கமிட்டி இரண்டு நாள் யோசித்து, சென்ற வாரத்திலிருந்து இந்த வாரம் எவ்வளவு எடை குறைந்ததோ அதுவே நீங்கிய பதர் என்று முடிவு செய்தது. மூட்டை நிறுக்கும் தராசில் அவர்களை ஏற்றி நிறுத்தோம். இளைத்துக்கொண்டே போனவர்கள் ‘முதல் ரகம்’ என்று பெயர் வாங்கினார்கள்.

கிடங்குக்குள் வருகிற எந்த மாதிரிக்கும் முதலில் புகை போட வேண்டும் என்பது விதி. அதனால் பொடிக்கு வந்தவர்களை ஐந்து நிமிஷம் வேப்பிலைப் புகையில் நிறுத்தினார்கள். தொண்டையில் கட்டி உள்ளவர்கள் இருமிய இருமலை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. பிறகு மணிக்கட்டில் நூல் போட்டு அட்டை. பிறகு வரிசை. இன்னொரு விதியும் இருந்தது. ஒரு தானிய மாதிரி ஒரே சமயத்தில் இரண்டு நிலையங்களில் இருக்கக்கூடாது. ஆகவே ஆஸ்பத்திரியில் கொடுத்த கேஸ் ஷீட்டையும் சதை எடுத்து வைத்த கண்ணாடி ஸ்லைடையும் எங்களிடம் ஒப்படைத்தால்தான் பொடி. அவற்றை வாங்கிப் பூட்டி வைத்ததும் நான்தான்.

ஞானதாஸ் மாஸ்டர் ஜூன் மாதம் முதல் செவ்வாயன்று வந்தார். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஐம்பத்திரண்டு வயசு, ஆணி அடித்தது போல் நிற்பார். கூட அவர் மனைவி ஆலிஸ். அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். அவளுக்கு நாக்கோரத்தில் ஆறாத புண் ஒன்று. சுண்டைக்காய் அளவு.

“ஆஸ்பத்திரியில ஆறு வாரம் ரேடியம் கரன்ட் வெச்சா சரியாயிடும்னாங்க சார்,” என்றார் மாஸ்டர். “ஆரம்பம்தான், ஆனா தள்ளிப்போடாதீங்கன்னும் சொன்னாங்க. இவதான் பயப்படறா.”

“பயப்படாம? கரன்ட் வெச்சா பாட முடியாதாமே,” என்றாள் ஆலிஸ். “இது பொடிதானே சார், கஞ்சி மாதிரி குடிச்சிட்டுப் போறேன். கவர்ன்மென்ட் ஆபீஸ்ல கொடுக்கறாங்கன்னா சும்மாவா கொடுப்பாங்க?”

விளைந்த ஊர்: சாந்தோம். விளைந்த பருவம்: 1929. பூச்சி அரிப்பு: நாக்கில் உண்டு. எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். ஆலிஸ் சிரித்துவிட்டாள். “நான் என்ன சார், அரிசியா?” என்று கேட்டாள். நானும் சிரித்தேன். கேஸ் ஷீட்டையும் ஸ்லைடையும் வாங்கிப் பீரோவில் வைத்தேன்.

மாஸ்டருக்கு எங்கள் ஏற்பாடு பிடித்துப்போயிற்று. வரிசை, அட்டை, பெயர் கூப்பிட்டதும் பதில் சொல்வது எல்லாம் அவர் ஆயுசு முழுக்கச் செய்வித்த காரியங்கள். வாராவாரம் ஏழு மணிக்கே வந்து, முன்பின் தெரியாத நோயாளிகளைக்கூட உயரவாரியாக நிறுத்தி வைத்தார். டைரக்டர் மாடியிலிருந்து பார்த்து மகிழ்ந்து, “இப்படிப்பட்ட மாதிரிகள் கிடைத்தால் இந்த நாடு எங்கேயோ போய்விடும்” என்றார்.

வரிசையில் சில பேர் வராமல் போக ஆரம்பித்தார்கள். படிவம் பதினொன்றில் அதற்குக் கட்டம் இல்லை. நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். டைரக்டரிடமிருந்து சிவப்பு மையில் பதில் வந்தது. ‘பொடி தேவைப்படுகிறவர் வருவார். மூன்று வாரம் தொடர்ந்து வராதவருக்குப் பொடி தேவைப்படவில்லை. தேவைப்படாதவர் குணமானவர். அவ்வாறே பதிக.’

மூன்று தடவை படித்தேன். குறையே கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வாறே பதிந்தேன்.

முதல் குணம் பீர் முஹம்மது. பெரிய மசூதிக்கு எதிரே கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். வயிற்றில் கட்டி. அவர் உடலைத் தூக்கிப் போன ஜனாஸா எங்கள் மேன்ஷன் வாசல் வழியாகத்தான் போயிற்று. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷோடு எழுந்து நின்றேன். மூன்றாவது செவ்வாயன்று அவர் பெயருக்கு நேராக வைத்த பேனாவை மூடிவிட்டேன். நேரே டைரக்டர் அறைக்குப் போனேன்.

“சார், பீர் முஹம்மது குணமாகல சார். மவுத்தாயிட்டார். என் கண்ணால ஜனாஸாவைப் பார்த்தேன்.”

“எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?”

“காலையில ஏழு மணி இருக்கும் சார்.”

“அலுவலக நேரம் பத்திலிருந்து ஐந்து.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அய்யாதுரை, நீங்கள் தனிப்பட்ட முறையில் பார்த்ததையெல்லாம் பதிவேட்டில் ஏற்றினால் நாளைக்கு நீங்கள் பார்த்த சினிமாவையும் ஏற்றுவீர்கள். மனிதர்கள் சாகலாம், அது அவர்கள் குடும்ப விஷயம். நிலையம் சாகக்கூடாது. போய் எழுதுங்கள்.”

போய் எழுதினேன். ஜூலை மாதம் பதினெட்டு குணம். ஆகஸ்டில் நாற்பத்தொன்று. பத்திரிகைகள் வாராவாரம் கணக்குப் போட்டுப் பிரசுரித்தன. பாண்டி பஜாரில் ஒரு கடை கேழ்வரகுத் தோலைப் பொட்டலம் கட்டி விற்றது. வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டது. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மேன்ஷன் சிநேகிதர்கள் எவளையோ காதலிக்கிறான் என்று கேலி செய்தார்கள்.

ஆலிஸின் புண் அடங்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. பேச்சு குழற ஆரம்பித்தது, பாட்டு நின்றது. தராசில் ஐந்தரை கிலோ குறைந்திருந்ததால் முதல் ரகத்துக்கு மாற்றப்பட்டாள். அன்றைக்குக் கமர் ஜஹான் வரிசைக்கே இறங்கி வந்து மாஸ்டரைத் தனியாக அழைத்துப் போனார். நான் தராசுப் பக்கம் நின்றிருந்தேன்.

“மாஸ்டர், இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்தப் பொடியில ஒண்ணுமே இல்ல. சாறு இறக்கறதுக்கு ஸ்பிரிட் வேணும். மதுவிலக்கு வருதுன்னு, லேபுல எடுத்துக் குடிச்சிடுவோம்னு பர்மிட்டை நிறுத்திட்டாங்க. மூணு மாசமா உங்களுக்குக் கொடுக்கறது வெறும் உமித்தூள். சாறு இருந்தாலும் இதைக் கரைக்காது. நான் எழுதியே கொடுத்திருக்கேன். யாரும் படிக்கல.”

மாஸ்டர் வரிசையைப் பாதியில் விட்டார். அப்படியே ஆலிஸைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் பத்து மணிக்கு என் ஜன்னலில் வந்து நின்றார்.

“கேஸ் ஷீட்டும் ஸ்லைடும் கொண்டாங்க, உடனே சேர்த்துக்கறோம்னு சொல்றாங்க சார். அது இல்லன்னா முதல்லேருந்து சதை எடுத்துப் பாக்கணுமாம். ஏற்கெனவே புண்ணு, மறுபடி வெட்டணுமான்னு அவ அழறா. அதைக் கொடுத்திடுங்க, புண்ணியமாப் போவும்.”

பீரோ சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாங்கிக்கொண்ட மாதிரியின் சான்றை டைரக்டர் உத்தரவு இல்லாமல் வெளியே விடக்கூடாது என்று விதி. நான் விதிக்குப் பயந்தேன். மனு எழுதித் தரச் சொன்னேன். மாஸ்டர் அச்சடித்த மாதிரி கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

மனு கமிட்டிக்குப் போயிற்று. கிடங்கிலிருந்து மாதிரியை வெளியே அனுப்பினால் பூச்சி மற்ற இடங்களுக்குப் பரவுமே என்று ஒரு உறுப்பினர் கவலைப்பட்டார். ஆகவே பூச்சி அரிப்பு இல்லை என்று சான்று கொண்டுவந்தால் மாதிரியை விடுவிக்கலாம் என்று தீர்மானமாயிற்று. அதாவது, புற்றுநோய் இல்லை என்று ஆலிஸ் சான்று வாங்கி வர வேண்டும், புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்வதற்கு. மாஸ்டர் தீர்மானத்தை என் ஜன்னலுக்குள் நீட்டினார்.

“அய்யாதுரை சார், எனக்குத்தான் புரியலையா? நான் வெறும் டிரில் மாஸ்டர். படிச்சவங்க எழுதியிருக்காங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.”

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். ஒன்பது வருஷம் படிவத்தையே தின்று வளர்ந்த மூளை வேறு எப்படி யோசிக்கும்?

“மாஸ்டர், வழி இருக்கு. மூணு செவ்வாய் வராதீங்க. தானா ‘குணம்’னு விழுந்திடும். குணமான மாதிரியோட கோப்பை மூடிடுவோம். மூடின கோப்பிலேருந்து காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க யாரோட உத்தரவும் வேண்டாம். நானே எடுத்துக் கொடுத்திடறேன்.”

“மூணு வாரமா?” என்றார். “தாங்குமா சார்?”

“கமிட்டி அடுத்த தடவை கூட ஆறு வாரம் ஆகும் மாஸ்டர்.”

மறுபடி சதையை வெட்டச் சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கலாம். அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. காகிதம் இல்லாமல் ஒரு காரியம் தொடங்க முடியும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கமில்லாத விஷயம். பிள்ளைகள் ஒரு நாள் மட்டம் போட்டாலே பெஞ்சில் ஏற்றுகிற மனுஷன், மூன்று செவ்வாய் பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது செவ்வாய் சாயங்காலம் ஆலிஸ் பெயருக்கு நேராகக் ‘குணம்’ என்று எழுதினேன். விதிப்படி குணச் சான்றிதழ் ஒன்றும் எழுதி, டைரக்டருக்காகக் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தேன். எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. பீரோவைத் திறக்கக் கையை வைத்தேன். டைரக்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“எத்தனை ஆயிற்று?”

“நூறு சார்.”

“நூறு!” அவர் கண் கலங்கிவிட்டது. “இந்த நூறுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன் அய்யாதுரை. மந்திரி வரச் சம்மதித்துவிட்டார். அந்தக் கேஸ் ஷீட்டையும் ஸ்லைடையும் இப்படிக் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து மேடையில் காட்ட வேண்டும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

விழா பத்து நாள் கழித்து. மந்திரி தன் கையாலேயே காகிதங்களைத் திருப்பித் தருவார் என்று டைரக்டர் சொல்லி அனுப்பியதால்தான் மாஸ்டரும் ஆலிஸும் வந்தார்கள். கிடங்கு முழுக்கத் தோரணம். முன் வரிசையில் கமிட்டி, பின்னால் பொடிக்கு வந்தவர்கள் முந்நூறு பேர். ஆலிஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு மேடை ஏறினாள். பக்கத்தில் போனவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அதைக் கவனித்தாள் என்பதையும் நான் கவனித்தேன்.

டைரக்டர் முக்கால் மணி நேரம் பேசினார்.

“மாண்புமிகு அமைச்சர் அவர்களே, மற்ற நாடுகளில் நோயாளியைப் பரிசோதித்துக் குணமா என்று பார்க்கிறார்கள். எவ்வளவு வீண் செலவு! எவ்வளவு கால விரயம்! நாங்கள் இதுவரை குணமான ஒருவரைக்கூடப் பரிசோதித்ததில்லை. அவர்கள் மீது அவ்வளவு நம்பிக்கை! குணமானவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை. உலகத்தில் வேறு எந்த வைத்தியத்துக்காவது இப்படி ஒரு பெருமை உண்டா என்று கேட்கிறேன்.”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. கமர் ஜஹான் ஒருவர்தான் தட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆலிஸை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவள் தலையை ஆட்டினாள். மாஸ்டர் மைக்கை வாங்கினார்.

“இவளால பேச முடியாதுங்க. நாக்கு அழுகிப்போச்சு. எங்களுக்கு எதுவும் குணமாகல. எங்க காகிதத்தைக் கொடுத்தா நாங்க ஆஸ்பத்திரிக்கு...”

அதற்குள் டைரக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “ஆனந்தத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாத தம்பதி! இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?” மறுபடி கைதட்டல். போட்டோ எடுத்தார்கள். மந்திரி ஒரு உறையைக் கொடுத்தார். மாஸ்டர் மேடையிலேயே கிழித்துப் பார்த்தார். உள்ளே கண்ணாடிப் பெட்டியின் போட்டோ ஒன்று இருந்தது. அசல் டெல்லி கண்காட்சிக்குப் போகிறதாம்.

கமர் ஜஹான் எழுந்து போய் ஆலிஸின் கையைப் பிடித்து இறக்கி, வாசலில் டாக்சி பிடித்து, நேரே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்தப் புண்ணியத்துக்காக அடுத்த வாரமே அவரை ஏதோ ஒரு மாவட்டக் கிடங்குக்கு வண்டு எண்ணுவதற்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் மறுபடி சதை எடுத்துப் பார்த்தார்கள். கழுத்துக்குப் பரவிவிட்டது என்றார்கள். ஜூன் மாதமே வந்திருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்து, மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாராம்.

நவம்பர் மழையில் ஆலிஸை அடக்கம் செய்தார்கள். பாடகர் குழுவில் முதல் குரல் இல்லாமலே பாடினார்கள். நான் குடையை விரிக்காமல் நின்று அழுதேன். மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. தோளில் தட்டி, “நனையாதீங்க தம்பி” என்றார். அவர் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு அவர் நிலையத்துக்கு வந்தார். பதிவேட்டில் ஆலிஸ் பெயருக்கு நேராக இருப்பதை அடித்து, இறந்துவிட்டாள் என்று எழுத வேண்டும். டைரக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்தார்.

“மாஸ்டர், உங்கள் துக்கம் எங்களுக்குப் புரியாதா? ஆனால் குணமான ஒருவர் பிற்பாடு இறந்தால் அது புதிய விஷயம். அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. நூறை அடித்தால் தொண்ணூற்றொன்பது ஆகிவிடும். தொண்ணூற்றொன்பதுக்கா மந்திரி வந்தார் என்று நாளைக்குச் சட்டசபையில் கேட்பார்கள். உங்கள் மனைவி நாட்டுக்குச் செய்த சேவை அது. அதை நீங்களே கெடுக்கலாமா?”

மாஸ்டர் காபியைத் தொடவில்லை. எழுந்து போனார்.

அடுத்த செவ்வாய் காலையில் அவர் வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றார். வரிசையை ஒழுங்குபடுத்தவில்லை. ஒவ்வொருவரிடமும் போய், “இங்க நிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, என் ஒய்ஃப் செத்துட்டா” என்று சொன்னார். அன்றைக்கு வரிசை முன்னெப்போதையும்விட நீளம். மந்திரியோடு ஆலிஸ் நிற்கும் போட்டோ எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது. பாதிப் பேர் அதைக் கத்தரித்துக் கையில் வைத்திருந்தார்கள்.

முதல் ஆளாக நின்றவள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த சுந்தரவல்லி. கூட அவள் மகள் தங்கம். இருபது வயசு இருக்கும். தாடைக்குக் கீழே ஒரு வீக்கம், ஆரம்பம்தான், பார்த்தாலே தெரிந்தது.

“யம்மா, உங்க பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா,” என்றார் மாஸ்டர். “இதுல ஒண்ணும் இல்ல. இந்தப் போட்டோவுல இருக்கறது என் சம்சாரம்தான். மண்ணுல வெச்சி பன்னெண்டு நாள் ஆச்சு.”

சுந்தரவல்லி போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா நைனா, உன் பொண்டாட்டிக்கு மட்டும் குணமாவணும், என் பொண்ணு சாவணுமா? பேப்பர்ல போட்டுக்கீது. மந்திரி நின்னுக்கினு கீறாரு. நீ இன்னாத்துக்கு வந்து அழிச்சாட்டியம் பண்ணிக்கினு கீறே? கூட்டம் அதிகமா வந்தா உனுக்குப் பொடி கெடைக்காம பூடும்னு பாக்கறியா?”

“அவ செத்துட்டாம்மா!”

“போய்யா, பொறாமை புடிச்சவனே!” பின்னாலிருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். யாரோ ஒருவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். மாஸ்டர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“அய்யாதுரை தம்பி! நீங்களாவது சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. அடக்கத்துக்கு வந்தீங்களே, சொல்லுங்க!”

மாடி ஜன்னலில் டைரக்டர் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் சொன்னேன். கடவுள் சாட்சியாகச் சொன்னேன்.

“அம்மா, அவர் சொல்றது நிஜம். ஆலிஸ் டீச்சர் இறந்துட்டாங்க. இந்தப் பொடியால யாருக்கும் குணமாகல. உங்க கேஸ் ஷீட்டை இங்க கொடுக்காதீங்க.”

சுந்தரவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கம்பிக் கதவின் பக்கம் திரும்பினாள். அங்கே ஆலிஸின் குணச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது.

“தங்கம், நீ படிச்ச பொண்ணாச்சே. அதுல கீழ இன்னா கையெழுத்து போட்டுக்கீதுன்னு பாரு.”

தங்கம் எட்டிப் பார்த்தாள். “டைரக்டருக்காக, சி. அய்யாதுரைன்னு இருக்கும்மா.”

“உன் பேரு இன்னாய்யா?” என்று சுந்தரவல்லி என்னைக் கேட்டாள்.

சொன்னேன்.

“ஆபீஸ்ல குந்திக்கினு, சீலு வெச்சி, குணமாச்சுன்னு எழுதிக் குடுத்தவன் நீ. இப்போ வாயால செத்துட்டாங்கன்றே. எழுதினது பொய்யா, பேசறது பொய்யா? பொய்யின்னா எதுக்குய்யா எழுதினே?”

பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். அவள் கேஸ் ஷீட்டையும் ஸ்லைடையும் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டி, “வாங்கிக்கோ சாமி, உன் காலைத் தொட்டுக் கேக்கறேன், என் பொண்ணு பொழைக்கணும்” என்று அழ ஆரம்பித்தாள். மாஸ்டர் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.